வாளும் தறியும்: கங்கைகொண்ட சோழபுரத்துத் தொழில் வரலாறு

உலகில் பிறந்தார் எவர்க்கும் ஊண் வேண்டும். ஊணுக்குத் தொழில் வேண்டும். ஆயின், வயிற்றை நிரப்புந் தொழிலெல்லாம் மனத்தை நிரப்புவதில்லை; மனத்தை நிரப்புந் தொழிலெல்லாம் வயிற்றை நிரப்புவதுமில்லை. இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப் பெற்றோர் நற்பேறுடையார். செங்குந்த மரபினராகிய நம் குடும்பங்களில் இந்நாள் எழும் வழக்குகளுட் பல இவ்வொரு பொருள் பற்றியனவே. மகனைத் தறியில் அமர்த்துவதா, வேற்றுத் தொழிற்கு விடுப்பதா என்பதே வினா. தந்தையர் சிலர் 'குலத்தொழிலைக் கைவிடலாகாது' என்பர். வேறு சிலர் 'இத்தொழில் என்னோடு ஒழிக' என்பர். இருதிறத்தாரும் முன்னோரையே சான்றாகக் காட்டுவர். ஆகலின், முன்னோர் உண்மையில் எத்தொழில் செய்தனர், யாங்ஙனம் ஊதியம் பெற்றனர், எப்போது தொழில் மாறினர் என்பவற்றைக் கங்கைகொண்ட சோழபுரத்தை நடுவாக வைத்து ஆராய்தல் பயனுடைத்து.

முதலாம் இராசேந்திர சோழர் தம் படை கங்கைக்கரை சென்று மீண்ட வெற்றியின் அடையாளமாக எடுத்த இந்நகர், 1025-ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டுச் சோழப் பேரரசு முடிவெய்திய 1279 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராய் விளங்கிற்று. இன்று அங்கே ஓங்கி நிற்பது திருக்கோயில் ஒன்றே. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு என வழங்குகின்றது. தமிழக அரசின் தொல்லியல் துறையினர் 1980 முதல் ஆங்கு அகழ்ந்து செங்கற் சுவர்களையும், கூரை ஓடுகளையும், இரும்பு ஆணிகளையும், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளையும் கண்டெடுத்துள்ளனர். சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களோ அகழாமலே சான்று பகர்கின்றன. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்னும் இப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். படைக்கலம் வைத்தோர், அரசர்க்கு மெய்க்காவல் பூண்டோர், கட்டடத்திற்குச் சுண்ணாம்பு சுட்டோர் என ஒவ்வொரு தொழிலும் ஒவ்வோர் ஊராய் நின்றது. இன்று அத்தொழில்கள் இல்லை; பெயர்கள் மட்டுமே உள்ளன. அரசனொருவனை நம்பிய தொழில் அவ்வரசு வீழ்ந்தவழித் தானும் வீழும் என்பது இவ்வூர்ப் பெயர்கள் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடமாம்.

இனி, அந்நாளில் தொழில் செய்தோர் ஊதியம் பெற்ற முறைமை யாதென வினவின், தஞ்சைப் பெரியகோயிலின் சுவரிலே அதனை விரிவாகக் காணலாம். முதலாம் இராசராசர் தம் ஆட்சியின் 29-ஆம் ஆண்டில் பொறிப்பித்த ஆணையொன்று, கோயிற்பணியாளர் பலர்க்கும் உரிய பங்கினைத் தனித்தனியே வரையறுக்கின்றது. பல ஊர்களினின்றும் கொணர்ந்து குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. பங்கொன்றாவது ஆண்டுதோறும் 100 கலம் நெல் தரும் நிலவருவாய். நட்டுவஞ் செய்வார்க்குப் பங்கு இரண்டு. இவர்களையன்றிப் பாடுவார், உவச்சர், கணக்கர், தையற்காரர், தச்சர், கன்னார், தட்டார், குயவர், வண்ணார், நாவிதர், விளக்கேற்றுவார் என எவரும் விடப்பட்டிலர். அம்மகளிர் நானூற்றுவரின் பெயரும், முன்னிருந்த ஊரும், இன்ன தெருவில் இன்ன வீடு என்பதும் கல்லிலே வெட்டப்பட்டுள.

அவ்வாணையில் நாம் ஊன்றி நோக்கத்தக்க விதியொன்று உண்டு. பங்குடையார் ஒருவர் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவர்க்கு அணுக்கமான உறவினர் அப்பணியைச் செய்து அப்பங்கைப் பெறலாம். ஆனால், அவ்வுறவினர் அப்பணிக்குத் தகுதியுடையாரல்லராயின், தகுதியுடைய பிறரைக் கொண்டு அதனைச் செய்வித்தல் வேண்டும். உறவினரே இல்லாதவழி, அப்பணியிலுள்ள ஏனையோர் கூடித் தக்காரைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். இவ்விதியின் நுட்பம் யாது? பிறப்புரிமை முதற்கண் மதிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் தகுதியின்மேல் அஃது ஏறி நிற்கவில்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன் பேரரசர் ஒருவரே 'இன்னாரின் மகன் என்பது மட்டும் போதாது. வேலை தெரிந்திருத்தல் வேண்டும்' என்று கல்லில் வெட்டுவித்தனர். ஒன்று மட்டும் அக்கல்லில் இல்லை. அக்கல்வெட்டு ஊதியத்தைக் கூறும், விருப்பத்தைக் கூறாது. அந்நானூற்றுவர் தத்தம் ஊரை நீங்கித் தஞ்சைக்கு வந்தது அரசாணையால் அன்றோ? மனத்துக்கிசைந்த தொழிலைத் தேரும் உரிமை பெரும்பாலார்க்கு அக்காலத்தில் இருந்ததில்லை. அவ்வுரிமையைப் பெற்ற நாம் அதன் அருமையை உணர்தல் வேண்டும்.

இனி நம் மரபின் செய்திக்கு வருவோம். நம்மவரிற் பலர், தறியானது நமக்கு ஆதிநாள் தொட்டு அமைந்த தொழில் என்றே கருதியிருக்கின்றனர். கல்வெட்டுக்கள் கூறுவது வேறு. முற்காலச் சோழர் கல்வெட்டுக்களில் கைக்கோளர் என்னும் பெயர் பெரிதும் படைவீரரையே குறிக்கின்றது. தஞ்சைக் கல்வெட்டுக்களில் சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர் முதலாய பல படைப்பிரிவுகளின் பெயர்கள் காணப்படுகின்றன. தெரிந்த என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட என்பது பொருள். அக்காலத்து நெசவாளராகப் பெரிதும் பேசப்படுவோர் சாலியரே. உத்தம சோழர் காலத்துச் செப்பேடு, காஞ்சிமாநகரில் அரசர்க்கு ஆடை நெய்த நெசவாளர் ஊரகத் திருக்கோயிலின் பொருளையும் கணக்கையும் பேணும் பொறுப்பை ஏற்றிருந்தமையைத் தெரிவிக்கின்றது. கைக்கோளர் நெசவிலும் வாணிகத்திலும் ஓங்கி நிற்பதை 13-ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்ட கல்வெட்டுக்களிலேதான் மிகுதியும் காண்கின்றோம் என்று கல்வெட்டறிஞர் காட்டுவர்.

இதனைக் கேட்டு நம்மவர் மனம் வருந்த வேண்டுவதில்லை. பெருமை கொள்ளவே இடமுண்டு. பேரரசு தளர்ந்தது, படைகள் கலைந்தன, வாளுக்கு ஊதியம் தருவார் அருகினர். அந்நிலையில் நம் முன்னோர் 'யாம் வாளேந்திய மரபினர், பிறிதொன்று அறியோம்' என்று மடிந்திருந்தாரல்லர். வாள் பிடித்த கை தறி பிடித்தது. தறிக்கு வரி இறுத்தனர். அங்காடியிலும் கோயிலிலும் இடம் பெற்றனர். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், விசயநகர ஆட்சியின்போது, காஞ்சிபுரம், விரிஞ்சிபுரம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களிற் கைக்கோளர் தண்டும் சங்கும் கொள்ளும் சிறப்புரிமை உடையராயிருந்தனர். அவ்வுரிமை பிறவூர்க் கைக்கோளர்க்கும் அந்நாளில் வழங்கப்பெற்றது. தண்டாவது பல்லக்கு. போர்க்களத்திற் பெற்ற மதிப்பினும் குறையாத மதிப்பைத் தறிக்குழியில் அமர்ந்தே ஈட்டினர் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ?

வாளும் தறியும் அல்லாத மூன்றாவதொரு வழியிலும் நம் மரபினர் ஒருவர் புகழ் பெற்றனர். செங்குந்தர் குடியில் தோன்றியவரென மரபு போற்றும் ஒட்டக்கூத்தரே அவர். விக்கிரம சோழர், இரண்டாங் குலோத்துங்கர், இரண்டாம் இராசராசர் ஆகிய மூவேந்தர் காலத்தும் அவைக்களப் புலவராய் விளங்கி, மூவர்மீதும் உலாப் பாடினர். அவர் கைக்கொண்ட கருவி எழுத்தாணி. ஆகவே, நம் முன்னோருள் வாள் எடுத்தாரும், தறி எடுத்தாரும், எழுத்தாணி எடுத்தாரும் உளர். இவற்றுள் ஒன்றை மட்டும் குலத்தொழில் என்று கூறி ஏனையவற்றைத் தள்ளுதல் வரலாற்றுக்கு ஒத்ததன்று.

தலைநகர் அழிந்தபின் இந்நிலப்பகுதி எய்திய மாற்றத்தையும் கருதுதல் வேண்டும். இராசேந்திரர் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரி, திருவாலங்காட்டுச் செப்பேட்டில் நீர்மயமான வெற்றித்தூண் எனச் சிறப்பிக்கப்பெற்றது. இன்று பொன்னேரி எனப்படுவது. காலப்போக்கில் அதன் கரை சிதைந்தது, நீர்வரத்து நின்றது. அப்பாற் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கீழணை கட்டப்பட்டபோது, திருக்கோயிலின் சுற்றுமதிற் கற்களைப் பெயர்த்தெடுத்து அவ்வேலைக்குக் கொண்டுசென்றனர். ஊரார் தடுத்தும் பயனில்லாது போயிற்று. அவ்வணையால் கீழேயுள்ள வயல்கள் நீர்பெற்றன. கல்லிழந்த இம்மேட்டுநிலமோ வானம்பார்த்த புன்செய்யாகவே நின்றது. மழை பொய்த்தால் உழவு பொய்க்கும் இத்தகைய நாட்டிலேதான் செயங்கொண்டம், உடையார்பாளையம், இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் தறியோசை ஓங்கிற்று. நிலம் கைவிட்டவிடத்துத் தறி கைகொடுத்தது என்க.

தறி வருவாய்க்கு மட்டுமன்றி மனநிறைவுக்கும் உரியதாயிருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுவேன். சென்னை மாகாணத்து அரசினர் 1906-இல் சேலத்தில் நெசவுச்சாலை யொன்று நிறுவினர். அதனை முன்னின்று நடத்தியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-இல் கண்ட விசைநாடாவைப் பரப்புதலும், நெசவாளரை ஒரு கூரையின்கீழ்க் கூட்டி வேலை வாங்குதலும் அதன் நோக்கம். நெசவாளர் விசைநாடாவை வெறுத்தாரல்லர். நாளடைவில் அது நம் வீடுதோறும் வந்தது. மணியோசைக்கு வந்து மணியோசைக்குப் போதல் என்னும் ஆலை ஒழுங்கையே அவர்கள் விரும்பவில்லை. வீட்டில் மனைவி மக்களுடன் கூடித் தம் நேரத்தில் தம் விருப்பப்படி செய்யும் வேலையை விட்டுவர மனம் ஒப்பவில்லை. அச்சாலை 1910-இல் மூடப்பட்டது. புதிய கருவி வேறு, புதிய அடிமை வேறு என்பதைக் கல்லாத நெசவாளரும் பிரித்தறிந்தனர்.

ஆயின், வீட்டுத்தொழில் என்னும் அப்பெருமையினுள்ளே ஒரு குறையும் மறைந்துளது. சேலை ஒன்று தறியினின்று இறங்குதற்குள் எத்துணைக் கைகள் உழைக்கின்றன! பாவு நீட்டுவோர், பாவிழைகளை ஒன்றோடொன்று பிணைப்போர், தார் சுற்றுவோர், ஊடை கோப்போர் என வீட்டினர் அனைவரும் உழைப்பர். வணிகர் பாவும் ஊடையும் சரிகையும் தந்து, நெய்த சேலைக்குக் கூலி அளப்பர். அக்கூலி தறியில் அமர்ந்தவர் பெயரிலேயே எழுதப்படும். தார் சுற்றிய தாய்க்கும், பிணைத்துக் கொடுத்த மனைவிக்கும், பள்ளி விட்டு வந்து உதவிய மகளுக்கும் கணக்கில் இடமில்லை. மழைக்காலத்தில் தெருவிற் பாவு நீட்ட இயலாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், அந்நாட்கட்கும் கூலியில்லை. தஞ்சைக் கல்வெட்டோ நானூறு பெண்டிர்க்கும் பெயர் சொல்லிப் பங்கு தந்தது. அதனோடு நம் வீட்டுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பின், 'தறியில் பிழைப்பில்லை' என்னும் முறையீட்டின் வேர் புலனாகும். ஒருவர் கூலியை மூவர் உழைப்புக்குப் பகிர்ந்தால் அது கூலியாகுமோ?

என் வகுப்பு மாணாக்கருள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர். தந்தையின் தொழிலைப் பதிவேட்டில் எழுதும்போது சிலர் குரல் தாழ்ந்து 'தறி ஐயா' என்பர். நான் அவர்களை மீண்டும் உரக்கச் சொல்லுமாறு கேட்பதுண்டு. குரல் தாழ்வதற்குக் காரணம் தொழிலின் இழிவன்று, கூலியின் இழிவே என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும். கூலியைத் திருத்தலாம், அதற்குரிய வழிகளும் உள்ளன. கூட்டுறவு நெசவாளர்க்குத் தலைமைச் சங்கம் சென்னையில் 1935-இல் தோன்றிற்று. அதுவே கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது. நடுவணரசு 1985-இல் இயற்றிய சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. இவற்றைப் பயன்கொள்ளாது விதியை நோதல் நம் முன்னோர்க்கு அடுத்த செயலன்று.

ஆகவே, நம் சங்கத்துக் குடும்பங்கள் கருதற்குரியனவாக மூன்றினை விண்ணப்பிக்கின்றேன். முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேலைக்கு வீட்டார் யாவரும் செலவிட்ட நாட்களை ஓர் ஏட்டிற் குறித்து வாருங்கள். கணக்கறிந்தவரே கூலி பேச வல்லார். பத்து வீட்டுக் கணக்கு ஒருங்கே சென்றால் எவ்வணிகரும் அதனை எளிதில் மறுக்கவியலாது. இரண்டாவது, தறியில் விருப்பும் கைத்திறனும் உடைய பிள்ளைகளைத் தறிக்கு மட்டும் பழக்காது, வண்ணம் தேர்தல், ஜக்கார்டு அட்டைக்கு உருவமைத்தல், கணக்கு, விற்பனை ஆகியவற்றிலும் பழக்குங்கள். பிறர் தரும் ஊடையை நெய்பவராக நில்லாது தம் சரக்கைத் தாமே விற்பவராக அவர் உயர்வர். மூன்றாவது, தறியில் மனஞ்செல்லாத பிள்ளையை வலிந்து அமர்த்தாதீர்கள். மனமுள்ள பிள்ளையை இழுத்து எழுப்பவும் வேண்டா. மகளிர்க்கும் இவ்விதி ஒக்கும். தகுதியும் விருப்பும் ஒருங்கே நிற்கும் இடமே அவரவர்க்குரிய தொழில்.

மெய்க்காவல்புத்தூரில் இன்று மெய்க்காவலர் இலர். ஆயுதக்களத்தில் ஆயுதம் இல்லை. வாளை வைத்துவிட்டுத் தறியை எடுத்த முன்னோர் வழிவந்த நாமோ இருக்கின்றோம். நம்மை இருத்தியது ஒரு தொழிலன்று. எத்தொழிலையும் கற்று அதனைச் செவ்வனே செய்யும் ஊக்கமே. அவ்வூக்கத்தையே மக்கட்கு முதற்சொத்தாக வைப்போமாக.