மூடாத வாசல் – 3: போர்வைக்குள் டார்ச் வெளிச்சம்

டெவன் ஹோட்டல் எரிந்துகொண்டிருந்தது. போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன்.

1929 ஜனவரி. பள்ளி திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் டெவன் என்ற சிற்றூரில் ஒரு பழைய ஹோட்டலைப் பிடித்து, 1928 செப்டம்பரில் பையன்களைச் சேர்த்து, சீருடை மாட்டி, வேலி ஃபோர்ஜ் ராணுவ அகாடமி என்று பெயரும் வைத்தார் மில்டன் பேக்கர். இப்போது அவர் கையில் பெயர் இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள், கட்டடம் மட்டும் சாம்பல்.

வேறு யாராக இருந்தாலும் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். பேக்கர் பக்கத்து ஊரைப் பார்த்தார். வேய்ன் என்ற அந்த ஊரில் செயின்ட் லூக்ஸ் என்றொரு ஆண்கள் பள்ளி இருந்தது. அதாவது, முன்பு இருந்தது. பள்ளி மூடப்பட்டு இடம் காலியாகக் கிடந்தது. பேக்கர் அதை வாங்கிப் பையன்களை அங்கே கொண்டுபோனார். ஒரு பள்ளி செத்த இடத்தில் இன்னொரு பள்ளி குடியேறியது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அதே வருடம் அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பணக்கார வீட்டுப் பையன்களை நம்பிக் கடை விரித்தவருக்கு இதைவிடக் கெட்ட காலம் வாய்க்காது. ஆனால் பேக்கர் விற்ற சரக்கு வேறு. கணக்கும் லத்தீனும் எந்தப் பள்ளியிலும் கிடைக்கும். ‘உங்கள் பையனை விட்டுவிட்டுப் போங்கள், ஆளாக்கித் திருப்பித் தருகிறோம்’ என்பதுதான் அவருடைய வியாபாரம். வேலை போன தகப்பனைவிட, அடங்காத மகனைப் பெற்ற தகப்பன் இன்னும் அதிகம் கவலைப்படுவான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரை அவர் எடுத்த இடத்தைப் பாருங்கள். சில மைல் தள்ளி இருக்கிறது நிஜமான வேலி ஃபோர்ஜ். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, 1777-78 பனிக்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறக்குறைய 12,000 பேருடன் முகாமிட்ட இடம். சுமார் 2,000 பேர் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அங்கே ஒரு சண்டைகூட நடக்கவில்லை. ஸ்டூபன் என்ற பிரஷ்யாக்காரர் வந்து, கிழிந்த சட்டையோடு நின்ற அந்தக் கூட்டத்துக்கு வரிசையில் நிற்கவும், திரும்பவும், துப்பாக்கி பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். பட்டினியும் குளிரும் டிரில்லும் சேர்ந்ததுதான் அந்த ஊரின் புகழ். 150 வருடப் பழைய அந்தப் புகழை ஒரு தனியார் பள்ளி இரவல் வாங்கிக்கொண்டது. வாஷிங்டனுக்கும் பேக்கருக்கும் நடுவே இருந்த உறவு அந்தச் சில மைல்கள்தான். ஆனால் பெயர்ப்பலகையைப் படிக்கிற தகப்பனுக்கு அது போதும்.

உள்ளே நுழையும் பையனுக்கு முதலில் பறிபோவது பெயர். அவன் ‘பிளீப்’. மூத்த பையன்கள் சொல்வதை வாய்திறக்காமல் செய்ய வேண்டும். தொப்பியில் பள்ளிச் சின்னத்தைக் குத்திக்கொள்ளும் உரிமைகூடப் பல வாரம் தாக்குப்பிடித்த பிறகே கிடைக்கும். காலையில் எழுப்புவது பியூகிள், இரவில் படுக்கச் சொல்வதும் பியூகிள். அந்த இரவு மெட்டுக்கு ‘டாப்ஸ்’ என்று பெயர். விளக்கணைக்க ஊதுவது அது. சிப்பாயைப் புதைக்கும்போது ஊதுவதும் அதே மெட்டுதான்.

1934 செப்டம்பரில் மன்ஹாட்டனிலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் வந்து சேர்ந்தான். அப்பா பாலாடைக்கட்டியும் பன்றியிறைச்சியும் இறக்குமதி செய்பவர், பசையுள்ள குடும்பம். பையன் ஒல்லி, கிண்டல்காரன். மெக்பர்னி என்ற பள்ளியில் மதிப்பெண் போதவில்லை என்று வெளியேற்றப்பட்டவன். அடியாத மாடு படியாது என்று நினைக்கிற பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு.

படிந்தானா? வெளியே பார்த்தால் நன்றாகவே படிந்தான். நாடகக் குழுவில் நடித்தான். பள்ளியின் ஆண்டு மலருக்கு இலக்கிய ஆசிரியரானான். ஆனால் இரவில் டாப்ஸ் ஊதி, விளக்கு அணைந்த பிறகு, அவன் கட்டிலில் போர்வைக்குள் ஒரு டார்ச் எரியும். அந்த வெளிச்சத்தில் கதை எழுதுவான்.

1936-இல் பட்டம் பெற்றபோது தன் வகுப்புக்கு ஒரு பிரிவுப் பாட்டும் எழுதிக் கொடுத்தான். கிண்டல் துளியும் இல்லாத, கண்ணீர் ததும்பும் பாட்டு. அவன் போனபிறகும் பள்ளி அதைப் பாடிக்கொண்டிருந்தது. பின்னால் மூன்று கல்லூரிகளில் நுழைந்து மூன்றிலும் முடிக்காமல் வெளியேறிய அந்த மனிதர் வாழ்நாளில் முழுதாக முடித்த ஒரே படிப்பு வேய்ன் ராணுவப் பள்ளிப் படிப்புதான்.

1944 ஜூன் 6. நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கியபோது அவருடைய மூட்டையில் ஒரு நாவலின் சில அத்தியாயங்கள் இருந்தன. 1951-இல் அது அச்சாகி வந்தது: ‘தி கேட்சர் இன் த ரை’. எழுதியவர் ஜெ. டி. சாலிஞ்சர்.

நாவலில் வரும் பென்சி என்ற பள்ளியும் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறது. பையன்களை வார்த்தெடுப்பதாக விளம்பரம் செய்கிற பள்ளி. கதை சொல்லும் ஹோல்டன் அதை முதல் பக்கங்களிலேயே கிழித்துத் தொங்கவிடுகிறான். பென்சி ராணுவப் பள்ளி அல்ல. இருந்தாலும் வாசகர்கள் வேய்னைத்தான் நினைத்தார்கள், இன்றும் நினைக்கிறார்கள். என் கணக்கு கொஞ்சம் வேறு. ஹோல்டன் துரத்தப்பட்டவன், சாலிஞ்சர் பட்டம் வாங்கியவர். அழுகைப் பாட்டு எழுதியவரும், அப்படி அழுகிறவர்களைப் போலிகள் என்று திட்டியவரும் ஒரே ஆள். பள்ளியை வெறுத்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நிஜமாகவே துரத்தப்பட்டவர் ஒருவரும் உண்டு: பின்னாளில் நாடகத்துக்காக மூன்று புலிட்சர் வாங்கிய எட்வர்ட் ஆல்பி. 1940-களில் வந்தார், நிலைக்கவில்லை.

மற்றபடி பள்ளிக்கு அது பொற்காலம். இரண்டாம் உலகப் போர் சீருடைக்கு மவுசைக் கூட்டியிருந்தது. 1952-இல் தேறிய நார்மன் ஷ்வார்ஸ்காஃப் 1991 வளைகுடாப் போரில் கூட்டுப்படைத் தளபதி. 1958-59-இல் ‘ரில்ஸ்கி’ என்ற பெயரில் ஒரு கேடட் அணிவகுத்தார். நாடு கடத்தப்பட்ட பல்கேரிய மன்னர் இரண்டாம் சிமியோன் அவர்! ஒன்பது வயதில் அரியணை இழந்தவர், 2001-இல் தேர்தலில் வென்று அதே நாட்டுக்குப் பிரதமராகவும் ஆனார். இந்த வித்தையைச் செய்துகாட்டிய மன்னர்கள் உலகத்தில் மிகச் சிலர்.

பிறகு வியட்நாம் வந்தது. அமெரிக்கப் பையன்கள் தலைமுடியை வளர்த்தார்கள். சீருடை கேலிப் பொருளானது. தனியார் ராணுவப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. பேக்கர் 1971-இல் ஓய்வு பெற்றார், 1976-இல் இறந்தார். வேய்ன் பள்ளி மட்டும் எப்படியோ நின்றது.

அந்த நேரத்தில்தான் வாசலுக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. பள்ளி வளாகம் படப்பிடிப்புக்கு வேண்டும். ஜார்ஜ் சி. ஸ்காட் தளபதி வேடம். டிமோத்தி ஹட்டன், ஷான் பென், அப்போது யாரும் அறியாத டாம் குரூஸ் ஆகியோர் கேடட்கள். ஷான் பென்னுக்கு முதல் படம். கதையில் வரும் பள்ளிக்கும் சுதந்திரப் போரிலிருந்தே இரவல் பெயர்: பங்கர் ஹில். நிர்வாகம் அந்தப் பள்ளியை மூடி, இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுக்க முடிவு செய்கிறது. பையன்கள் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றி வாசலைப் பூட்டிவிட்டுத் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். வெளியே டாங்கிகள் வந்து நிற்கின்றன.

படம் 1981 டிசம்பரில் வெளியானது. தலைப்பு ‘டாப்ஸ்’.

நாற்பத்து நான்கு வருடம் கழித்து, 2025 செப்டம்பரில், அதே வேய்ன் வளாகத்திலிருந்து நிஜப் பெற்றோர்களுக்கு அறங்காவலர் குழுவின் அறிவிப்பு ஒன்று போனது. அதை அடுத்த வாரம் பிரிக்கலாம்.

(தொடரும்)