வதந்தியும் நம்பிக்கையும்

வதந்தியை நம்புவது அறிவிலிகளின் இயல்பு என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். வரலாறோ வேறு விதமாகச் சான்று பகர்கின்றது. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டில் (கி.பி. 625) உஹத் களத்தில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கொல்லப்பட்டுவிட்டதாக ஒரு குரல் எழுந்தது. அதைக் கேட்டுக் கைசோர்ந்து அமர்ந்தவர்களும் நெஞ்சுரம் மிக்க தோழர்களே. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் பெருமானாரை உயிருடன் கண்டு உரக்க அறிவித்த பின்னரே கலைந்தோர் மீளத் திரண்டனர். ஆகவே, எத்தகைய நிலையில் மனிதர் வதந்திக்கு ஆட்படுகின்றனர் என்பதே நாம் ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவுக்கு நம் மண்ணிலேயே அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஆலைகளின் நிலமாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் திறக்கப்பட்ட நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. சுங்குவார்சத்திரம் அருகே, ஆப்பிள் கைப்பேசிகளைப் பூட்டும் பாக்ஸ்கான் ஆலையில் 2021-இல் ஏறத்தாழ 17,000 பேர் பணிபுரிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர், பிற ஊர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிய இளம்பெண்கள்.

அவ்வாண்டு டிசம்பர் மாத நடுவில், பூந்தமல்லிப் பகுதி விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி கைப்பேசி வழியே பரவிற்று. டிசம்பர் 17 இரவு தொழிலாளப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மறுநாளும் போராட்டம் நீடித்தது. இறப்புச் செய்தி பொய்யென்று பின்னர் உறுதியாயிற்று. ஆனால் நோய் பொய்யன்று. அப்பெண்களின் அச்சமும் பொய்யன்று.

உளவியலார் இதை எவ்வாறு விளக்குகின்றனர்? அமெரிக்க அறிஞர்களான ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947-இல் வெளியிட்ட நூலில், செய்தி கேட்போருக்கு எவ்வளவு முக்கியமானதோ, உண்மை நிலை எவ்வளவு தெளிவற்றதோ, அவற்றின் பெருக்கத்தை ஒட்டியே வதந்தி வளரும் என்றனர். இரண்டில் ஒன்று இல்லையேல் வதந்தியும் இல்லை. உடன் உண்டு உறங்கிய தோழியின் உயிரைவிட முக்கியமான செய்தி எது? அவள் எங்கே, எந்நிலையில் இருக்கிறாள் என்று கேட்டால் தெளிவாகச் சொல்வாரில்லாத நிலையைவிடப் பெரிய இருள் எது?

இத்துறையில் முன்னோடியான ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. 1934 ஜனவரி 15-இல் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த வதந்திகளை ஜமுனா பிரசாத் தொகுத்து, 1935-இல் ஆய்வாக வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் அழிவைக் காணாத மக்களிடையே, இன்னும் பெரிய கேடு வரப்போகிறது என்ற பேச்சுகளே மிகுந்திருந்தன. டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹாவோ, அழிவைக் கண்ணெதிரே கண்டோரிடம் அத்தகைய மிகை இல்லை என 1952-இல் எழுதினார். இவ்விரண்டையும் ஒப்பிட்ட லியோன் பெஸ்டிங்கர், உள்ளத்தில் புகுந்த அச்சம் தனக்கொரு காரணம் தேடுகிறது என 1957-இல் விளக்கினார். மருத்துவமனைக்குள் இருந்தோரைக் காணாமல் ஆலையிலும் பிற விடுதிகளிலும் கலங்கியிருந்தோரின் உள்ளம் இவ்விளக்கத்துக்கு மிக நெருங்கியதே.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கின்றது. அந்நிஸா அத்தியாயமோ, அச்சம் பற்றியோ பாதுகாப்பு பற்றியோ செய்தி வந்தால் அதைப் பரப்பிவிடாமல், தூதரிடமும் பொறுப்புடையோரிடமும் கொண்டு செல்லுமாறு வழிகாட்டுகின்றது. ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் தொடர் இக்கட்டளைகளின் கனியே. இப்னு கல்தூனும் 1377-இல் இயற்றிய முகத்திமாவில், சார்புணர்வும் சூழ்நிலை அறியாமையும் பொய்ச் செய்திக்கு வாயில்களென வகுத்தார். கைப்பேசியில் கை மாறும் செய்திக்கோ தொடரும் இல்லை, பொறுப்பேற்கும் அறிவிப்பாளரும் இல்லை.

எனினும் அந்நிஸாவின் வழிகாட்டலில் மற்றொரு கடமையும் அடங்கியுள்ளது. பொறுப்புடையோரிடம் செய்தியைக் கொண்டு செல்ல வேண்டுமாயின், அவர்கள் அணுகத்தக்கவர்களாகவும் நம்பத்தக்கவர்களாகவும் இருத்தல் வேண்டும். ஓர் அறையில் முப்பது பேர்வரை தரையில் உறங்கியதாக அப்போது செய்திகள் வெளியாயின. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஒத்தவையல்ல என ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, டிசம்பர் 29 அன்று அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-இல் ஆலை மீண்டும் திறந்தது. அன்றாடக் குறைகளைக் கேளாதவர் ஆபத்து நாளில் உரைக்கும் மெய்யையும் எவர் நம்புவர்?

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கத்தக்க அரசு குடியிருப்பு திறக்கப்பட்டது, போற்றத்தக்க பணியே. கட்டடத்தோடு, கேட்ட கேள்விக்கு மெய்யான விடை சொல்லும் ஒருவரும் அங்கே எந்நேரமும் இருத்தல் வேண்டும். மகளைத் தொலைவிலுள்ள ஆலைக்கு அனுப்பிய பெற்றோரும், நள்ளிரவில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், அவள் குரலை ஒருமுறை கேட்டறிவது கடமையாகும்.