பதின்மூன்று திராட்சையும் ஒரு பெயரும்



தலைப்பைப் பார்த்துவிட்டு "சார் ஒயினைப் பற்றியா எழுதுகிறார்?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். குடிக்கச் சொல்லவில்லை, வரலாறு படிக்கத்தான் சொல்கிறேன்.

பிரான்சின் தெற்கே ரோன் ஆற்றங்கரையில் ஷாத்தோநெஃப்-து-பாப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. "போப்பின் புதுக் கோட்டை" என்பது அதன் பொருள். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் பக்கத்து நகரமான அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அப்போது போப் 22ஆம் ஜான் அங்கே ஒரு கோட்டை கட்டினார்.

1860களில் அந்த வட்டாரத்துக்கு ஒரு பெருந்துன்பம் வந்தது. அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு கப்பலேறி வந்த ஃபிலாக்செரா என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி, திராட்சை வேரை உறிஞ்சித் தோட்டங்களைப் பட்டுப்போக வைத்தது. 1868இல் மான்பெல்லியே பேராசிரியர் பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும் வேரில் அதைக் கண்டுபிடித்தார்கள். மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள், நம் ஒட்டுமாங்கன்று போல.

பூச்சி போனது, பொய் வந்தது. சரக்கு குறைந்ததால் கண்ட கண்ட ஒயினுக்கெல்லாம் நல்ல ஊர்ப் பெயரை ஒட்டி விற்றார்கள். உண்மையாக உழைத்தவனுக்கு விலை கிடைக்கவில்லை.

அப்போது முன்வந்தவர் பியேர் லெ ருவா. சட்டம் படித்தவர், முதல் உலகப்போரில் விமானி. 1923இல் விவசாயிகளைத் திரட்டி விதிகள் வகுத்தார். எந்த நிலம், எந்த வகைத் திராட்சை, குறைந்தபட்சம் எவ்வளவு சாராயச் சத்து என்று எல்லாவற்றுக்கும் வரையறை வைத்தார். அழுகியதையும் பழுக்காததையும் பொறுக்கி நீக்க வேண்டும் என்றார். நீதிமன்றமும் ஏறினார். 1936இல் அரசு அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. பிரான்சில் அப்படிப் பாதுகாப்புப் பெற்ற முதல் பெயர்களில் அதுவும் ஒன்று.

அந்த விதிப்படி 13 வகைத் திராட்சைகளைப் பயன்படுத்தலாம். பலர் சிலவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். 13ஐயும் இன்றும் வளர்க்கிறது ஷாத்தோ த போகாஸ்டெல் தோட்டம். 1909இல் பியேர் திராமியே அதை வாங்கினார். பிறகு அது மருமகன் பியேர் பெராங்குக்கும், அவர் மகன் ஜாக்குக்கும் வந்தது. இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. 1950களிலேயே ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் அவர்கள் கைவிட்டார்கள்.

எதற்கு இத்தனை கலவை? கிரனாஷ் இனிப்பும் உடலும் தரும். தாமதமாகப் பழுக்கும் மூர்வெத்ர் நிறமும் உறுதியும் தரும். சிரா காரமணம் தரும், கூனுவாஸ் புத்துணர்ச்சி தரும். ஒரு வகை ஒரு வருடம் பொய்த்தாலும் மற்றவை கைகொடுக்கும். நம் பாட்டன்மார் ஒரே வயலில் சோளத்தோடு துவரையும் தட்டைப்பயறும் விதைத்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊர்ப் பெயரை உழைப்பின் சொத்தாகக் காக்கும் எண்ணம் பிறகு உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. காஞ்சிபுரம் பட்டும் மதுரை மல்லியும் பழனி பஞ்சாமிர்தமும் இன்று அந்தக் காப்பில்தான் நிற்கின்றன.

ஆனால் சட்டம் பாதிதான் காக்கும். லெ ருவாவின் ஊரில் விவசாயிகளே முதலில் தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள், அரசு பிறகுதான் வந்தது. உங்கள் ஊருக்கென்று பெயர் பெற்ற பொருள் எது? அதைச் செய்பவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? கீழே எழுதுங்கள். வழக்கம்போல் பிழையின்றி எழுத வேண்டும்!