ஒரு கோலன் குறைஞ்சா எச்சரிக்கையே காணோம்

பைத்தான் வரலாறுன்னா எல்லாரும் கைடோ வான் ராசம், 1991, முதல் வெளியீடுன்னு ஆரம்பிப்பாங்க. நான் இன்னைக்கு அதோட ஆவணங்களைப் பத்திப் பேசப்போறேன். தூங்கிடாதீங்க, இதுலயும் கதை இருக்கு.

ரொம்ப வருஷமா பைத்தான் ஆவணங்களை லேடெக்கில்தான் எழுதினாங்க. கணிதப் புத்தகம் அச்சடிக்க அருமையான கருவி. ஆனா அதை இணையப் பக்கமா மாத்த இன்னொரு நிரல் வேணும். அது எழுதப்பட்ட மொழி? பெர்ல்! பைத்தான் கையேடு தயாராக, பக்கத்து வீட்டு அடுப்பு எரியணும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு வாக்கியத்தைத் திருத்தணும்னாக்கூட லேடெக் தெரிஞ்சிருக்கணும்.

2007-ல கியோர்க் பிராண்டில் மொத்த ஆவணங்களையும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டுக்கு மாத்தினார். அதுக்காக அவர் எழுதின கருவிதான் 2008 மார்ச்சில் வெளியான ஸ்ஃபிங்ஸ். அதே வருஷம் அக்டோபரில் பைத்தான் 2.6 வந்தப்போ, அதோட ஆவணங்கள் ஸ்ஃபிங்ஸில்தான் உருவாச்சு.

எழுதுறது எளிதாச்சு. கூடவே புதுவகைப் பிழைகளும் வந்து உட்கார்ந்துச்சு.

ஒரு எச்சரிக்கைப் பெட்டி போடணும்னா ரெண்டு புள்ளி, ஒரு ஸ்பேஸ், 'வார்னிங்'ங்கிற சொல், அப்புறம் ரெண்டு கோலன். ஒரு கோலன் விட்டுப்போச்சுன்னு வைங்க. அந்தக் கருவி அதை கமென்ட்னு எடுத்துக்கிட்டு, பெட்டியை முழுசா முழுங்கிடும். எரர் வராது. பக்கம் பார்க்க அழகா இருக்கும், எச்சரிக்கை மட்டும் இருக்காது. பிக்கிள் மாட்யூல் பக்கத்தையே எடுத்துக்கோங்க. நம்பிக்கையில்லாத இடத்துலேர்ந்து வந்த தரவைத் திறந்தா, அதுக்குள்ள இருக்கிற எந்தக் கோடும் உங்க கணினியில ஓடலாம்னு அங்க ஒரு எச்சரிக்கை இருக்கு. அது காணாமப் போனா என்ன ஆகும்?

இன்னொண்ணு, அடுத்தடுத்து வர்ற ரெண்டு ஹைஃபன். கோடுன்னு குறிக்காம சாதாரண வரியில எழுதினா, அழகுபடுத்துறேன்னு ஸ்ஃபிங்ஸ் அதை ஒரே நீளக் கோடா மாத்திடும். அதை காப்பி பண்ணி டெர்மினல்ல போட்டா கமாண்ட் வேலை செய்யாது. புதுசா கத்துக்கிறவங்க தப்பு தன்மேலதான்னு நினைச்சுக்குவாங்க. 'வெறும் டைப்போ திருத்தம்'னு கிண்டல் பண்றவங்க மேல எனக்குக் கோவம் வர்றது இதனாலதான்.

லட்சக்கணக்கான சொற்கள்ல இதைக் கண்ணால தேடி மாளாது. அதனால பைத்தான் ஆவணங்களுக்குள்ளேயே ஆர்எஸ்டிலின்ட்னு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வந்துச்சு. அதுலேர்ந்து வளர்ந்ததுதான் இன்னைக்கு இருக்கிற ஸ்ஃபிங்ஸ்-லின்ட். கோலன் குறையிற இடத்துல நின்னு, 'இது கமென்ட் மாதிரி தெரியலையே, டைரக்டிவா எழுத நினைச்சீங்களோ?'ங்கிற மாதிரி ஒரு வரி காட்டும்.