மன்னார்க் கரையும் விட்டுப்போன தூண்டிலும்

மன்னார்க் கடல் என்றதும் எல்லோரும் முத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசுவதற்கு நிறையவே இருக்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மூன்று பேருடைய கண்ணும் முத்துச் சிப்பிப் பார்கள் மேல் இருந்தது. முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக முதலாவது ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்னும் கடலோரத்தில் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள்.

1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இங்கு வந்து சிப்பிப் பார்களை ஆராய்ந்தார். உடன் வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னல். அந்த ஆய்வை லண்டன் றோயல் சொசைட்டி ஐந்து பாகங்களாக வெளியிட்டது. 1905ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. அடுத்த வருடம் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் கடமை பார்த்த லெனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சிப்பியை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தவர்களின் ஏட்டில், மாலையில் கரையில் நின்று தூண்டில் போட்ட மனிதரைக் காண்பது அரிது. அவர் பிடித்தது அன்றிரவே கறிச்சட்டிக்குள் போய்விடும். ஏலமும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை. அதனால் எங்கள் ஊர்களின் தூண்டில் வரலாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பழக்கம் ஒரு தலைமுறைக்கு அறுந்து போனது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

முசலிப் பக்கத்து ஊர்களில் எல்லோரும் கடற்றொழிலாளர் அல்ல. வயல் செய்தவர், மாடு வளர்த்தவர், கடை வைத்தவர், படிப்பித்தவர் என்று பலரும் இருந்தார்கள். தோணியும் வலையும் தொழில்காரரிடம் இருக்கும். கரைவலை சம்மாட்டியிடம் இருக்கும். மற்ற எல்லாருக்கும் தூண்டில் இருந்தது. அஸர் தொழுதுவிட்டு வாப்பாமார் கரைக்குப் போவார்கள். பின்னால் நாங்கள் இரைப் பேணியைத் தூக்கிக்கொண்டு போவோம். ஒரு கட்டையில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, இரண்டு முள். இரைக்கு இறால், சூடைத்துண்டு, இல்லாவிட்டால் சேற்றுப் புழு. தங்கூசி பரவுவதற்கு முன் பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சாமான் இவ்வளவுதான். அறிவு அதைவிடப் பெரியது. எங்கள் கரை மேற்கைப் பார்த்தது. வாடைக்காற்றுக் காலத்தில் நிலம் காற்றை மறைப்பதால் கடல் ஓரளவு அடங்கி இருக்கும். சோளகம் எழும்பினால் அலை நேரே வந்து மோதும், தண்ணீர் கலங்கிவிடும். மன்னார்த் தீவில் இருந்தவர்களுக்கு இரண்டு கடல்கள். ஒரு பக்கம் பொங்கும்போது மறுபக்கத்துக்குப் போகலாம். எதிர்க்கரையில் இராமேஸ்வரத்து மக்கள் வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் பிரித்துச் சொல்வதும் இதனால்தான்.

பிறையும் கணக்கில் இருந்தது. எங்கள் வீடுகளில் பிறை பார்ப்பது மார்க்கக் கடமைக்கு மட்டும் உதவவில்லை. பிறை 1, 2இலும் 15, 16இலும் வற்றும் பெருக்கும் கூடுதலாக இருக்கும். 8, 9இலும் 22, 23இலும் தண்ணீர் மந்தமாக இருக்கும். எங்கள் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத் தாண்டாது. ஆனாலும் அந்தச் சில அடித் தண்ணீரைப் பார்த்துத்தான் கிளக்கன் மணல் ஓரத்துக்கு வரும், ஓரா கல்லுப் பக்கம் ஒதுங்கும். இன்றைக்குப் பிறை எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் பெரியவர்கள் தூண்டிலை எடுப்பார்கள்.

1980களின் நடுப்பகுதியிலிருந்தே கடல் சுருங்கத் தொடங்கியது. பாஸ் வேண்டும், இரவில் போகக்கூடாது, இந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஒவ்வொன்றாகத் தடைகள் வந்தன. பிறகு 1990 ஒக்டோபர். ஆயுதம் ஏந்தியவர்களின் கட்டளையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டோம். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெருநிலப் பகுதியிலிருந்து பலர் காடும் வீதியுமாக நடந்தார்கள். உடுபிடவையோடு போனவர்கள் தூண்டிலைத் தேடி எடுத்திருக்க மாட்டார்கள்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கை தொடங்கியது. அந்த மண்ணின் மக்கள் எங்களுக்கு இடம் தந்தார்கள். அதை மறக்க முடியாது. வாப்பாமார் வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலிக்குப் போனார்கள். களப்பு பக்கத்தில் இருந்தது. ஆனால் களப்பு வேறு, கடல் வேறு. மீன் வேறு, அடி வேறு. அங்கே ஏற்கனவே தொழில் செய்தவர்களுக்கே அது போதாமல் இருந்தது. நாள் முழுக்கக் கூலி செய்துவிட்டு வருபவருக்கு மாலையில் தூண்டில் போடும் மனமும் இருக்கவில்லை. சொல்லித் தர வேண்டிய வயதில் வாப்பா களைத்திருந்தார். கற்க வேண்டிய வயதில் நாங்கள் ரியூசனுக்கும் கூலிக்கும் ஓடிக்கொண்டிருந்தோம். அவர்களில் பலர் புத்தளத்து மையவாடிகளிலேயே அடங்கிவிட்டார்கள்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினோம். வீடு இருந்த இடத்தில் காடு. கிணறு தூர்ந்திருந்தது. சில இடங்களில் கரைக்குப் போகும் பாதையே அடைபட்டிருந்தது. வீடு, காணி, உறுதி, வாக்காளர் பதிவு என்று அலைந்ததில் மேலும் பல வருடங்கள் போயின. கடைசியாகக் கரைக்குப் போக நேரம் கிடைத்தபோது, 1990இல் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்த நாங்கள் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தோம். மூக்குக்கண்ணாடி இல்லாமல் முள் கட்ட முடியாது. கல்லில் ஏற முழங்கால் விடாது. தூண்டிலில் எங்கள் அனுபவமோ பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அனுபவம்தான்.

யாரிடம் கேட்பது? வங்காலை, அரிப்புப் பக்கத்துத் தமிழ்ச் சகோதரர்களிடம்தான் கேட்டோம். அவர்களும் சும்மா இருந்தவர்கள் அல்ல. மடுவுக்கும் இந்தியாவுக்கும் இடம்பெயர்ந்து, 2007இலும் பிறகும் மீண்டும் ஓடி, திரும்பி வந்தவர்கள். அவர்களில் மூத்த சிலரிடம் கடல் இன்னும் முழுதாக இருந்தது. தண்ணீருக்குள் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசிக்கொண்டு நட, திருக்கை விலகிப் போகும் என்று சொல்லித் தந்தார்கள். ஓராவை வெறும் கையால் பிடிக்காதே, குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை வை, வலி குறையாவிட்டால் ஆசுபத்திரிக்குப் போ என்றார்கள். சோளகத்தில் தனியாகக் கல்லில் நிற்காதே என்றார்கள். எங்கள் வாப்பாமாரின் பெயரைச் சொல்லி, அவர் இந்த இடத்தில்தான் நிற்பார் என்று கைகாட்டிய ஒரு பெரியவரும் இருந்தார். மேடைகளில் பேசும் நல்லிணக்கத்தை விட அந்தக் கைகாட்டல் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கடலும் மாறிவிட்டது. அடியைச் சுரண்டும் இழுவைமடி முறையை 2017இல் இலங்கை சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளின் பிரச்சினை தீரவில்லை. குஞ்சு வளரும் அடி அழிந்தால் கரைக்கு வரும் மீனும் குறையும். ஆகவே கரையில் தூண்டில் போடுபவருக்கும் இது சொந்தப் பிரச்சினைதான். சின்ன மீன் பட்டால் நாங்கள் திருப்பி விட்டுவிடுகிறோம்.

இப்போது எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாடை என்றால் பாடப்புத்தகத்தில் வடகீழ்ப் பருவக்காற்று. அதற்கும் வீட்டுக் கறிக்கும் தொடர்பு உண்டென்று அவர்களுக்குத் தெரியாது. வெளியேற்றத்தைப் பற்றி எழுதும்போது வீடு, நகை, மாடு, காணி எல்லாவற்றையும் பட்டியலிடுகிறோம். அது சரிதான், நியாயம் கிடைக்க வேண்டும். ஆனால் ஒரு கரையை வாசிக்கத் தெரிந்திருந்த அறிவு எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை. அதற்கு நட்டஈடும் இல்லை. அதை நாங்களேதான் தேடிச் சேர்க்க வேண்டும். எழுபது, எண்பது வயதில் இருக்கும் ஒருசிலர் மௌத்தாகிவிட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எருக்கலம்பிட்டி, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி, வங்காலை, அரிப்பு என்று எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து மூன்று விஷயங்கள் கேளுங்கள். கரையின் எந்த வளைவுக்கு என்ன பெயர்? எந்தக் காற்றில் எந்த மீன்? எந்தப் பிறையில் போகக்கூடாது? கேட்டதைக் கைபேசியில் பதிந்து வையுங்கள், முடிந்தால் கொமன்டில் எழுதுங்கள். அடுத்த தவணைக்கு எங்கள் மாணவர்களைக் கொண்டு ஒரு கொப்பியில் தொகுக்க நினைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், சொன்னவரின் சம்மதத்தோடு அவர் பெயரும் அதில் இருக்கும்.