தளை காக்க வேண்டும், சிறையாகக் கூடாது

திண்டுக்கல் என்றவுடன் பூட்டுதான் நினைவுக்கு வரும். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புவிசார் குறியீடும் பெற்ற அந்தப் பூட்டின் பெருமையை, அது எளிதில் உடையாது என்பதை வைத்தே பலரும் பேசுகிறோம். ஆனால், நல்ல பூட்டுக்குச் சோதனைகள் இரண்டு. அயலான் சாவிக்கு அது திறக்கக் கூடாது; உரிய சாவிக்குச் சிக்காமல் திறந்துவிட வேண்டும். இரண்டாவது சோதனையின் அருமையை நான் உணர்ந்தது பூட்டுப் பட்டறையில் அல்ல; எங்கள் தென்னந்தோப்பில், ஒரு மனிதர் தலைகீழாகத் தொங்கிய இருபது நிமிடங்களில்.

ஆத்தூர் பகுதியில், காமராசர் நீர்த்தேக்கத்துக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்குச் சிறு தோப்பு உண்டு. நாற்பத்தைந்து நாள்களுக்கு ஒருமுறை தேங்காய் வெட்டு. மரமேற ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், சில ஆண்டுகளுக்கு முன் மரமேறும் கருவி ஒன்றை வாங்கி மோட்டார் அறையில் மாட்டிவைத்தேன். வெட்ட வருபவர் அதை எடுப்பார். வேலை முடிந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். ஒரு முறை அதன் வலது மிதியில் பாதத்தைப் பிடிக்கும் பட்டை அறுந்திருந்தது. புதுப்பட்டை வாங்கச் சோம்பிய நான், கட்டுக்கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். இனி இது அறாது என்ற பெருமிதம் வேறு.

அடுத்த வெட்டுக்கு முந்தைய இரவு தூறல். மரம் ஈரமாக இருந்தது. ஏறக்குறைய முப்பதடி உயரத்தில் கருவி சட்டென ஓரடி வழுக்கியது. கைப்பிடி நழுவ, அவர் பின்புறமாகச் சாய்ந்தார். இடது கால் மிதியிலிருந்து கழன்றுவிட்டது. வலது கால் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. பக்கத்துத் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர் தளைக்கயிற்றுடன் ஓடிவந்து ஏறினார். முதலில் அவர் இடுப்பில் வடம் கட்டி மரத்தோடு பிணைத்த பிறகே காலை விடுவிக்க முயன்றார். விரலால் முடியவில்லை. கீழிருந்து கட்டிங் பிளேயரைக் கயிற்றில் கட்டி அனுப்பினோம்.

அவர் பிழைத்துக்கொண்டார். கணுக்கால் ஆற மூன்று மாதங்களாயின. அந்த மாதங்களின் கூலியைக் கொடுத்தேன். அதனால் என் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை.

"அந்தக் கம்பி இல்லாவிட்டால் ஆள் கீழே விழுந்திருப்பாரே, அதுதானே காப்பாற்றியது?" என்று உறவினர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அதில் பாதி உண்மை உண்டு. உயிரைத் தாங்கும் பொறுப்பு காலின்மீது விழுந்ததே பிழை என்பது மறுபாதி. அந்தப் பொறுப்பை இடுப்புக் கயிறு ஏற்றிருக்க வேண்டும். அது இருந்திருந்தால், கால் கழன்றாலும் அவர் விழுந்திருக்க மாட்டார். கால் கழன்றிருந்தால், தலைகீழாகத் தொங்கியிருக்கவும் மாட்டார்.

தமிழில் 'தளை' என்ற சொல்லுக்குக் கட்டு என்றும் விலங்கு என்றும் பொருள் உண்டு. யாப்பில் சீரோடு சீரை இணைப்பதும் தளை; மரமேறுவோர் பாதங்களில் மாட்டும் கயிற்று வளையமும் தளை. கயிற்றுத் தளையில் ஒரு வசதி உண்டு: காலை உருவினால் வந்துவிடும். இன்றைய கருவிகளில் அந்த வசதியை நாம்தான் பேண வேண்டும். கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய, நின்றபடி ஏறும் கருவியே பரவலாகப் புழங்கும் மாதிரி. இடம், வலம் என இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் கம்பிவடம், மரத்தைப் பற்றும் ரப்பர், கைப்பிடி, கால்மிதி. மிதியில் எடை விழும்போது வடம் இறுகும். எடையை எடுத்தால் தளரும். ஒரு காலில் நின்று மறுகாலின் சட்டத்தை உயர்த்தி, மாற்றி மாற்றி ஏறுவதே முறை. கோவைப் பகுதியில் உருவான இன்னொரு வகையில் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

காலில் கருவியைக் கட்டிக்கொண்டு உயரம் ஏறுவோர் பனிமலையிலும் உண்டு. அவர்களுடைய அனுபவம் நமக்குப் பாடம். காஷ்மீரின் குல்மார்க்கில் அபர்வாட் மலைச்சரிவுகளில், சறுக்குப் பலகைகளைக் காலில் பிணைத்துக்கொண்டே மலையேறி, பிறகு சறுக்கி இறங்குகிறார்கள். ஏறும்போது காலணியின் முன்பகுதி மட்டும் பலகையோடு பிணைந்திருக்கும். குதிகால் தூக்கி நடக்க இடம் தரும். இறங்கும்போது குதிகாலும் பூட்டப்படும். இருபுறமும் இரு சிறு ஊசிகள் காலணியின் முனையைக் கவ்வும் இன்றைய அமைப்பை, ஆஸ்திரியாவின் பிரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் வடிவமைத்தார்.

அந்தப் பிணைப்பின் உயிர்நாடி, அது கழல வேண்டிய நேரத்தில் கழல்வதுதான். விழுபவரின் காலை விடாவிட்டால், நீண்ட பலகை நெம்புகோலாகி முழங்காலைத் திருகிவிடும். பனிச்சரிவில் சிக்கினால் நங்கூரம்போல் ஆளை உள்ளே இழுக்கும். ஆகவே எடை, உயரம், வயது, சறுக்கும் பாங்கு, காலணியின் அடிநீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்பதை அமைக்கிறார்கள். இதற்கென ஐஎஸ்ஓ 13992 என்ற பன்னாட்டுத் தரநிலையே உண்டு.

அங்கே நேரும் கோளாறுகளும் இரு வகைதான். ஊசிகளுக்கு அடியில் உள்ள குழியில் பனி இறுகினால், பூட்டியதுபோல் தோன்றி முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும். ஏறும்போது கழலாதிருக்கப் போட்ட முன்பூட்டை இறங்குமுன் எடுக்க மறந்தால், விழும்போது கழலாது. எனவே, குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காலணியைப் பொருத்தி, காலை வீசிப் பார்த்த பிறகே அனுபவமுள்ளவர் புறப்படுகிறார்.

பனியில் கழல்வது காக்கும். மரத்தில் பிடிப்பது காக்கும். விதி தலைகீழ்தான். ஆனால் கேள்வி ஒன்றே: எது பிடிக்க வேண்டும், எது விட வேண்டும் என்பதைப் புறப்படுமுன் சோதித்தோமா? மரத்தில் பிடிக்க வேண்டியது கம்பிவடமும் இடுப்புக் கயிறும். விட வேண்டியது கால்பட்டை. அது ஒரே கையால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பி, முடிச்சிட்ட நைலான் கயிறு, ஆணி ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை.

கருவி தரும் அறிகுறிகளைப் படிக்கத் தெரிந்தால் பெரும்பாலான விபத்துகளைத் தரையிலேயே தடுக்கலாம். மிதித்தவுடன் சட்டம் கீழே வழுக்கினால், ரப்பர் தேய்ந்திருக்கும் அல்லது வடத்தின் வளையம் மரத்தின் பருமனுக்கு மிகையாக இருக்கும். உயர்த்தும்போது சிக்கினால், வளையம் மிகவும் இறுகியிருக்கும் அல்லது வடத்தில் முறுக்கு விழுந்திருக்கும். ஒரு மிதி மட்டும் சாய்ந்தால், இரு வளையங்களின் அளவும் பொருந்தவில்லை. கடகடவென்ற ஓசை கேட்டால் திருகாணி தளர்ந்திருக்கிறது. வடத்தில் ஓர் இழை அறுந்து முள்போல் நின்றாலும் வடத்தையே மாற்ற வேண்டும். அந்த இழையை மடக்கிவிடுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

தென்னை அடியில் பருத்து, மேலே செல்லச் செல்ல மெலியும் மரம். அடியில் சரியாக இருந்த வளையம் உச்சியில் தளர்ந்துவிடும் என்பதை மறக்கலாகாது. சாய்ந்த மரம், கூன்வண்டு துளைத்த மரம், பொந்து விழுந்த மரம் ஆகியவை இக்கருவிக்கு ஏற்றவை அல்ல. மழை ஓய்ந்தாலும் மரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். மின்கம்பி அருகில் செல்லும் மரத்தில், இரும்புக் கருவியுடன் ஏறுவது சாவை அழைப்பதாகும். குளவிக்கூட்டைக் கீழிருந்தே பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும் பார்த்த பிறகு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நின்று, முழு எடையையும் போட்டு ஒரு முறை குலுக்கிப் பார்க்க வேண்டும். அங்கே வழுக்குவது முப்பதடியிலும் வழுக்கும்.

இடுப்புப் பட்டையின் கயிறு, கருவியோடு அல்லாமல் மரத்தோடு தனியே சுற்றியிருக்க வேண்டும். கருவி நழுவினாலும் கயிறு நிற்க வேண்டும் அல்லவா? ஏறுகையில் அதை இடுப்புக்கு மேலேயே வைத்திருப்பது நல்லது. தாழ்ந்திருந்தால், விழும் தூரம் கூடும். அரிவாள் வீசும் திசையில் அது குறுக்கிடலாகாது. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், நின்று ஏறும் கருவிக்கான பாதுகாப்பு இணைப்பை உருவாக்கியிருக்கிறது. இத்தகைய இணைப்பு இல்லாமல் கருவி விற்கப்படலாகாது. மானியம் தரும் துறைகள் இதை நிபந்தனையாக்க வேண்டும்.

ஒருவர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? கேரளத்தில் இக்கருவியில் தலைகீழாகத் தொங்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கிய செய்திகள் வந்திருக்கின்றன. முதல் விதி, தனியாக ஒருவரை மரமேற விடாதிருப்பது. இரண்டாவது, உடனே 112-ஐ அழைப்பது. மூன்றாவது, உடலை மரத்தோடு கட்டி நிமிர்த்திய பிறகே காலை விடுவிப்பது. ஆத்திரத்தில் பட்டையை அறுத்தால் ஆள் விழுவார். தலைகீழாகத் தொங்குபவருக்கு மூச்சு திணறும்; அசைவற்று நெடுநேரம் தொங்கினால் நினைவு தப்பும். எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இறக்கியபின் நலமாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில் ஆறு நாள் பயிற்சி தரப்படுகிறது. 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் அதனிடம் உள்ளது. பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது. இவற்றில் தொழிலாளியைச் சேர்க்க, தோப்பு உரிமையாளர் ஒரு நாள் செலவழித்தால் போதும். ஏறுபவர் அன்றாடக் கூலிக்காக வருபவர், கருவி நம்முடையது. அதன் நிலைக்குப் பொறுப்பு நமக்கே.

எங்கள் தோப்புக்கு அவர் இப்போதும் வருகிறார். கருவியின் ரப்பரும் வடமும் பட்டைகளும் புதியவை. இடுப்புக் கயிறும் அதே ஆணியில் தொங்குகிறது. ஏறுமுன் அவர் இடுப்புக் கயிற்றை இருமுறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு குனிந்து, கால்பட்டையை ஒரே கையால் கழற்றி, மீண்டும் மாட்டுகிறார். அதைப் பார்த்த பிறகே நான் மரத்தடியிலிருந்து விலகி நிற்கிறேன்.