மேசன் மன்றக் கட்டடங்களும் அவற்றின் இற்றைப் பயன்பாடும்

பிரீமேசன் கழகத்தாரின் பழங்கட்டடங்களை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் சொல்லைப் பற்றியது. அக்கழகத்தின் கிளைமன்றத்தை ஆங்கிலேயர் 'லாட்ஜ்' என்றனர். தமிழ் வழக்கில் அச்சொல் தங்கும் விடுதியைக் குறிக்கும். ஆங்கிலத்திலும் அது உறுப்பினர் அமைப்பு, அவர் கூடும் கட்டடம் ஆகிய இரண்டற்கும் பொதுவாய் நிற்கின்றது. மன்றம் இடம் பெயர்தலும் கட்டடம் கைம்மாறுதலும் உண்டு. ஆதலின், ஒன்றன் வரலாறு மற்றதன் வரலாறு ஆகாது. இதனைச் சில சான்றுகளால் ஈண்டு நிறுவுவோம்.

சென்னையில் 1786-இல் தோன்றிய 'பெர்பெக்ட் யுனானிமிட்டி' மன்றத்தார் கடற்கரையில் தமக்கென ஒரு கட்டடம் எழுப்பினர். அஃது 1839-ஆம் ஆண்டினது. சென்னை மாகாணக் காவல்துறையின் முதல் தலைவராகிய வில்லியம் ராபின்சன் 1865-இல் அதனைத் திங்கள் 90 ரூபாய் வாடகைக்கு அமர்த்தினார். 1874-இல் 20,000 ரூபாய்க்கு அத்துறை அதனை விலைக்கே வாங்கிற்று. அதுவே இன்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகமாக விளங்குகின்றது. காவல்துறையினர்க்கென்றே கட்டப்பட்டதென இதனைக் கருதுவார் உளர், அக்கருத்துப் பொருந்தாது. கட்டடம் கைம்மாறியதனால் கழகம் சென்னையில் அற்றதென்பதும் தவறு. எழும்பூரில், இன்று எத்திராசு சாலை எனப்படும் தெருவில், 1925-ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற மேசன் மண்டபத்தில் அவர்தம் கூட்டங்கள் இன்றும் நிகழ்கின்றன.

ஐதராபாத்திலுள்ள கோசாமகால் பாரதரி இதற்கு நேர்மாறானது. கோல்கொண்டையை ஆண்ட கடைசிக் குதுப்சாகி மன்னர் தானாசா காலத்து அரண்மனைப் பகுதியாகிய அது, 1872-இல் மேசன் கழகத்தார் வசமாயிற்று. இன்றும் அவரே அதனைப் பயன்கொள்கின்றனர். கட்டட அமைப்பை மட்டும் நோக்குவார் அதனை மேசன் மன்றமென உணரார்.

இலாகூர்க் கட்டடத்தின் நிலை வேறு. மேசன் கழகத்தார் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய அஃது, பாகிசுத்தான் அரசு 1972-இல் அக்கழகத்தைத் தடைசெய்தபின் அரசின் கைக்குச் சென்று, அலுவலகமாயிற்று. சென்னையில் விற்பனையால் நிகழ்ந்த மாற்றம் ஆங்குச் சட்டத்தால் நிகழ்ந்தது. வட இந்தியாவில் மேசன் மன்றங்களை மக்கள் 'சாதுகர்', அஃதாவது மாய வீடு, என வழங்கினர். இத்தகைய பெயர்கள் பயன்பாடு ஒழிந்த பின்னரும் நிலைத்தல் கூடும். ஆதலின் பெயரும் தனித்துச் சான்றாகாது.

இவற்றால், ஒரு கட்டடத்தின் இற்றை நிலையைத் துணிவார் மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் வேண்டும்: யாருக்கெனக் கட்டப்பட்டது? இன்று யாருக்கு உரியது? இன்று ஆங்கு நிகழ்வது யாது? முதலாவதற்குக் கல்வெட்டும் மன்றக் குறிப்பேடும், இரண்டாவதற்குக் கிரயப் பத்திரமும், மூன்றாவதற்கு நேரிற் காண்டலும் சான்றாம். பழைய நூல்களில் 'இன்று' என வருமிடத்து, அந்நூல் எழுந்த ஆண்டையே அச்சொல் குறிக்குமெனக் கொள்ளல் முறை. 1961-இல் இந்தியப் பெருமன்றம் தோன்றிய பின்னரும் சில மன்றங்கள் இங்கிலாந்து, இசுக்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றின் பெருமன்றங்களுக்கு உட்பட்டே நின்றன. ஆதலின் ஒரே மண்டபத்தில் கூடுவோரெல்லாம் ஒரே தலைமைக்கு உட்பட்டவர் என்றலும் இயலாது.

இவ்வாராய்ச்சியால் வரும் பயன் யாதென வினவலாம். 1990-களில் கடற்கரைக் காவல்துறைக் கட்டடத்தை இடித்துப் புதியது கட்ட அரசு எண்ணியது. மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. கட்டடம் பிழைத்துப் புதுப்பிக்கப்பட்டது. பழைய அலுவலகம் என்ற அளவில் மட்டும் அறியப்பட்டிருப்பின் அதற்காக வாதிடுவார் அரியராயிருப்பர். எனவே, இற்றைப் பயன்பாட்டைத் தெளிதலோடு அதற்கு முந்தைய நிலைகளையும் ஆண்டுமுறையே பதிவு செய்தல் ஆராய்வார் கடன் என்பது எம் துணிபு.